பால் கணக்கில் சில புள்ளிகள்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, கூடுதல் பாக்கெட் வாங்கிய நாளுக்கு ஒரு கோடு, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு 'சி'. அது என் மனைவியின் கணக்கு. நான் தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனிக்குக் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்த்தவன், வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கியதைப் படித்ததே இல்லை. 2018 மார்ச் கடைசியில் பால் போடும் தம்பியோடு ஆறு பாக்கெட் வித்தியாசம் வந்தது. அன்றுதான் அதை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். தேதிகளின் மூலையில் பென்சிலால் வைத்த சின்னச் சின்னப் புள்ளிகள் கண்ணில் பட்டன.

அந்தப் புள்ளிகளுக்கு வருமுன் நான் சோற்றை விட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2017-இல் பெருங்களத்தூரில் காலை மின்ரயில் ஏறினால் பெட்டிக்கு ஒருவராவது பாதாம் டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார். மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ உணவுமுறையின் அலை அடித்த காலம். முகநூலில் நியாண்டர் செல்வனின் 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுவும், அவர் எழுதிய 'பேலியோ டயட்' நூலும் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு புது அகராதியையே தந்திருந்தன. மாவுச்சத்து, பட்டர் டீ, நூறு பாதாம், காலிஃபிளவர் சோறு. இதையெல்லாம் பேசத் தெரியாதவன் அலுவலக கேண்டீனில் தனியாளாக நின்றான்.

எனக்கு அப்போது 47 வயது, 86 கிலோ. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2, அதாவது நோய் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. நவம்பரில்தான் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை தொடங்கியிருந்தார்கள். அந்தக் குழுவில் முதலில் ரத்தப் பரிசோதனை முடிவைப் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அட்டவணை தருவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ரயில் நண்பர் ஒருவருக்குக் கிடைத்த அட்டவணையை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டேன். அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அளவு சரியில்லை என்று குறைசொன்ன கதைதான் இனி வரப்போவது.

மார்கழி முதல் தேதி ஆரம்பித்தேன். காலையில் நெய்யில் வறுத்த பாதாம், மதியம் துருவிய காலிஃபிளவரோடு காய், இரவு நான்கு முட்டை அல்லது கோழி. இட்லி, சோறு, சர்க்கரை, பழம் எதுவும் கிடையாது. மூன்றாம் நாள் பெருங்களத்தூர் ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து எழுந்தபோது நடைமேடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தலைவலி நெற்றியில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டியதுபோல் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் திரும்பத் தூக்கம் இல்லை. ஆனால் எடைமெஷினில் இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. மெஷின் சொன்னதை நம்பினேன், தலை சொன்னதை நம்பவில்லை.

ஐந்தாம் நாள் காலை அம்மா தெருமுனைப் பெருமாள் கோயிலிலிருந்து தொன்னையில் வெண்பொங்கல் கொண்டுவந்தாள். மன்னார்குடிப் பக்கம் நெல் அவிக்கிற வீட்டில் பிறந்தவள். அப்போது 72 வயது. மார்கழிப் பனியில் முக்காடு போட்டுக்கொண்டு நடந்து போய், வரிசையில் நின்று, சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து நீட்டினாள். "பெரசாதம்டா. ஒரே ஒரு வாய்."

"இது பிரசாதம் இல்ல, விஷம். என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று கத்தினேன்.

பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தொன்னைமேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அன்று ரயிலில் போகும்போது எனக்கு வருத்தமே இல்லை என்பதுதான் இன்றைக்கு நினைத்தால் வயிற்றைப் புரட்டுகிறது. நான் என் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். குறுக்கே வந்தவர்கள் விலகட்டும் என்று நியாயம் கற்பித்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவே பேச்சைத் தொடங்கினாள். கோபமாக அல்ல, யோசனையாக. "கொழம்பில்ல, ரசமில்ல, மோரில்ல, ஊறுகாயில்ல. உப்பு எதுலடா உள்ள போவுது உனக்கு?"

நான் வாசித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. நம் சாப்பாட்டில் உப்பு தனியாக வருவதில்லை. சோற்றின் தோளில் ஏறித்தான் வருகிறது. சாம்பாரும் ரசமும் அப்பளமும் நாரத்தங்காயும் சோறு இருப்பதால்தான் தட்டில் இருக்கின்றன. சோறு வெளியேறினால் அந்தப் பரிவாரம் முழுக்க எழுந்து போய்விடுகிறது. அதே நேரத்தில் உடம்புக்குள் இன்னொன்று நடக்கிறது. மாவுச்சத்து குறைந்தால் ரத்தத்தில் இன்சுலின் குறையும். சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது மட்டும் இன்சுலினின் வேலை அல்ல. சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வதும் அதுதான். அந்தச் சொல் நின்றதும் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் திறந்துவிடுகிறது. ஈரலிலும் தசையிலும் சேமித்துவைத்த கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் போகும். நான் கொண்டாடிய இரண்டரைக் கிலோவில் பெரும்பங்கு சிறுநீர்.

வாயில் உப்பு வரவில்லை, உடம்பில் உப்பு நிற்கவில்லை, இதன்மேல் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை வேறு. ஜி.எஸ்.டி. சாலையில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்தார். 100/60. "சாப்பாட்டைத் தலைகீழா மாத்துனீங்களே, மாத்திரையையும் மாத்தணுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?" என்றார். மாத்திரையின் அளவைக் குறைத்தார். எனக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு மோர் என்று எழுதிக்கொடுத்தார். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் இதைப் பார்த்துத் தாமாக உப்பை அள்ளிப்போட்டுக்கொள்ளக் கூடாது என்றும், சர்க்கரைக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாயமாக இறங்கி மயங்கி விழலாம் என்றும் சொன்னார். "நல்லவேளை, உங்களுக்குக் கோபம் மட்டும் வந்துச்சு."

மோரில் உப்பு போட்டுக் குடித்த இரண்டே நாளில் தலைவலி போனது. பொங்கலுக்குள் வேறு ஆளாகிவிட்டேன். சனமெல்லாம் ஊருக்குக் கிளம்பி, பெருங்களத்தூரில் பேருந்துகள் நகராமல் நிற்கிற அந்த இரண்டு நாளும் ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதே ஒரு யாத்திரை. வழக்கமாக அந்த நெரிசலில் ஹாரன் சத்தத்துக்கே எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்த வருஷம் சிரித்துக்கொண்டே குறுக்கே நடந்தேன். மதியம் மூன்று மணிக்கு வரும் தூக்கம் வரவில்லை. தலைக்குள் யாரோ கண்ணாடி துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

அது வெறும் பிரமை என்று சொல்ல மாட்டேன். மூளை உடல் எடையில் இரண்டு சதவீதம்தான்; உடம்பு செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. வழக்கமாக அதற்கு எரிபொருள் குளுக்கோஸ், நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம். மாவுச்சத்து நின்றால் ஈரல் ஓரளவு குளுக்கோஸைத் தானே தயாரிக்கும். மீதிக்குக் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்து அனுப்பும். வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களின் மூளை தன் தேவையில் பெரும்பங்கைக் கீட்டோன்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று 1967-இல் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹிலின் குழு கண்டது. அதற்கும் முன்பே, 1921-இல், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் இப்படிப்பட்ட உணவை வலிப்பு நோய்க்கு மருந்தாக முன்வைத்தார். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவர் கண்காணிப்பில் அதைக் கொடுக்கிறார்கள். மூளையைக் கிளப்பிவிடும் குளுட்டமேட்டுக்கும் அடக்கிவைக்கும் காபாவுக்கும் இடையிலான தராசைக் கீட்டோன்கள் அடக்கத்தின் பக்கம் சாய்க்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. மனநோய்களுக்கும் இது உதவுமா என்று இப்போது பார்க்கிறார்கள்; 2024-இல் ஸ்டான்ஃபோர்டில் 21 பேரைக் கொண்டு செய்த முன்னோட்ட ஆய்வு நம்பிக்கை தந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை.

இதையெல்லாம் அரைகுறையாகப் படித்துவிட்டு நான் போதகனானேன். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் சமோசா வாங்கினால் பிரசங்கம். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பரிமாறுகிறவரிடம் அரிசியின் தீமைகளைப் பற்றி வகுப்பு. "முன்னல்லாம் சட்டுன்னு கோபம் வரும், இப்ப பாருங்க, எல்லாம் டயட்" என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை. இரவில் ஏழு மணிக்கே தனியாக என் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவேன். மனைவியும் மகளும் டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்கு. யாரோடு சாப்பிடுவது என்று தெரியாமல் அம்மா எட்டு மணிக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தயிர்சாதம். ஒரே கூரைக்குக் கீழே மூன்று பந்தி. அதை நான் ஒழுக்கம் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் 79 கிலோ. மார்ச்சிலும் 79 கிலோ. ஏரிக்கரைப் பக்கம் நடையைக் கூட்டினேன்; முள் நகரவில்லை. மறுபடியும் கோபம் வந்தது. பாதாமைத் தீர்த்துவிட்டதாக மகள்மேல், எண்ணெயை மாற்றிவிட்டதாக மனைவிமேல், டிவி சத்தத்துக்காக அம்மாமேல். இந்த முறை உப்புச் சரியாக இருந்தது, அழுத்தமும் சரியாக இருந்தது. எனவே குற்றவாளிகள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

அந்த மார்ச்சில்தான் பால் கணக்கு.

"இந்தப் புள்ளி என்ன?" என்று மகளிடம் கேட்டேன். "அம்மாவக் கேளுங்கப்பா" என்று எழுந்துபோய்விட்டாள்.

மனைவி மறைக்கவில்லை. "அது நீங்க கத்துன நாளுங்க. நவம்பர்ல பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சப்போ, மாசத்துல எத்தனை நாள் கோபம் வருதுன்னு டாக்டர் கேட்டா சொல்லலாம்னு வச்சேன். டாக்டர் கேக்கவே இல்ல. எனக்குப் பழகிடுச்சு."

பழைய வருஷத்துத் தாள்கள் எங்கே என்றேன். அரிசி டின்னுக்கு அடியில் விரித்திருந்தாள். எண்ணெய் படிந்து, டின் வட்டமாகத் தடம் பதித்திருந்த நவம்பரையும் டிசம்பரையும் உருவி எடுத்து வந்தேன். சோற்றை விட்டவனின் வரலாறு அரிசி டின்னுக்கு அடியில் கிடந்தது.

கணக்கெழுதுகிறவன் வேறென்ன செய்வான்? எண்ணினேன். நவம்பர் முழுக்க 9. டிசம்பர் முதல் பாதியில் 4. மார்கழி பிறந்து மாதக் கடைசி வரைக்கும் 11. பொங்கல் தொன்னை வந்த நாளில் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று. ஜனவரி 4. பிப்ரவரி 1. மார்ச் 8.

முதல் பார்வையில் தாள் எனக்குச் சாதகமாகவே பேசியது. மார்கழிப் பதினொன்றுக்கு உப்பும் மாத்திரையும் காரணம். ஜனவரி, பிப்ரவரியின் அமைதிக்கு டயட் காரணம். அப்படியானால் மார்ச்சுக்கு? சாப்பாடு மாறவில்லையே. மாறியது இரண்டு. எடைமெஷின் முள் நின்றது. அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு வந்தது. பிப்ரவரி அமைதிக்குக் கீட்டோன்தான் காரணம் என்றால் அது மார்ச்சிலும் வேலை செய்திருக்க வேண்டும். ஒருவேளை என்னைச் சிரிக்கவைத்தது மூளை வேதியியல் மட்டுமல்ல. வாராவாரம் இறங்கிய முள்ளும்தான்.

பிற்பாடு படித்த ஒரு ஆய்வு இதையே பெரிய அளவில் சொன்னது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கிராண்ட் பிரிங்க்வொர்த் குழுவினர் எடை அதிகமான 106 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மாவுச்சத்து மிகக் குறைவான உணவு, மறுபாதிக்குக் கொழுப்பு குறைவான உணவு. கலோரி இரண்டிலும் ஒன்றே. முடிவுகள் 2009-இல் வந்தன. ஓராண்டில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு இளைத்தன, சராசரியாக 13.7 கிலோ. முதல் எட்டு வாரங்களில் இரு தரப்புக்கும் மனநிலை மேம்பட்டது. ஆண்டுக் கடைசியில் அந்த மேம்பாடு கொழுப்பைக் குறைத்தவர்களிடம் நிலைத்தது; மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் பழைய நிலைக்கே திரும்பியிருந்தார்கள். ஆய்வாளர்கள் ஊகித்த காரணங்களில் இரண்டு என்னை உறுத்தின. ஒன்று, ஊரோடு ஒட்டாத உணவை நாள்தோறும் கடைப்பிடிப்பதன் சமூகச் சிரமம். மூன்று பந்தி ஓடிய என் வீடு நினைவுக்கு வந்தது. இன்னொன்று செரட்டோனின்.

மனத்தை அமைதிப்படுத்துவதில் பங்குள்ள செரட்டோனினை மூளை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. சாயங்காலம் தாம்பரத்தில் மின்ரயில் வந்து நிற்கும்போது கதவில் முண்டும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையின் வாசலில் அமினோ அமிலங்கள் அப்படித்தான் முண்டுகின்றன; டிரிப்டோஃபேன் அதில் ஒல்லிப் பையன். மாவுச்சத்து சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், மற்றத் தடியர்களைத் தசைகளுக்குத் திருப்பிவிட்டு இவனுக்கு வழிவிடுகிறது. 1971-இல் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் ரிச்சர்ட் வுர்ட்மனும் எலிகளில் இதைக் காட்டினார்கள். சோறு சந்தோஷம் தரும் என்று தாவிவிடலாம்போலத் தோன்றும். ஆனால் சாப்பாட்டில் கொஞ்சம் புரதம் சேர்ந்தாலே இந்த வழிவிடல் பெரும்பாலும் நின்றுபோகும். இட்லியில் உளுந்து, சாம்பாரில் பருப்பு, தயிர்சாதத்தில் தயிர். நம் சோறு தனியாக வருவதே இல்லை என்று அம்மா முன்பே சொல்லிவிட்டாள்.

ஆக, உப்பு, கீட்டோன், செரட்டோனின், எடைமெஷின், தனிப்பந்தி என்று என் கோபத்துக்கு ஐந்து விளக்கங்கள் கையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஐந்தையும் வரிசையாக எழுதிவிட்டு மறுபடி தாளைப் பார்த்தேன். நவம்பர்: ஒன்பது. அந்த மாதம் நான் மூன்று வேளையும் சோறும் இட்லியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உப்பு இருந்தது, இன்சுலின் இருந்தது, டிரிப்டோஃபேனுக்கு வழியும் இருந்தது. கத்தியது நான்.

என் பிழை எங்கே என்று அப்போது விளங்கியது. இத்தனை மாதமாக நான் எழுதியது கள்ளக்கணக்கு. நல்ல மனநிலையெல்லாம் டயட்டின் வரவில். கெட்ட மனநிலையெல்லாம் வீட்டாரின் பற்றில். என் பெயரில் ஒரு பதிவும் இல்லை. உடம்பு மனத்தை மாற்றுகிறது என்பது மெய். மார்கழியில் என்னை ஆட்டியதில் உப்புக்கும் மாத்திரைக்கும் பங்கு உண்டு. ஆனால் உப்பு எரிச்சலைத்தான் தரும். அதை எழுபத்திரண்டு வயதுக்காரிமேல் "விஷம்" என்று திருப்பி எறியச் சொன்னது சிறுநீரகமல்ல.

அம்மாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. அன்று ராத்திரி எட்டு மணிக்குச் சமையலறைத் தரையில் அவள் எதிரே என் தட்டோடு உட்கார்ந்தேன். என்னை ஒருமுறை பார்த்தாள். தயிர்சாதத்தில் ஒரு கை எடுத்து என் தட்டின் ஓரத்தில் வைத்தாள். எவ்வளவு மாவுச்சத்து என்று எண்ணாமல் சாப்பிட்டேன்.

டயட்டைக் குப்பையில் போடவில்லை. நம் நாட்டார் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்று ஐசிஎம்ஆரும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து செய்த பெரிய ஆய்வு 2025-இல் சொன்னது. அதைப் பூஜ்யமாக்க வேண்டியதில்லை, பாதியை ஒட்டிக் கொண்டுவந்தாலே வாசலில் நிற்பவர்களுக்கு நன்மை என்பது அதே குழு 2022-இல் வெளியிட்ட கணிப்பு. எனக்கு இப்போது மதியம் ஒரு கரண்டிச் சோறு, இரு மடங்கு காய், இரவில் முட்டையோ சுண்டலோ. எடை 80 பக்கம் நிற்கிறது, சர்க்கரை 5.8. மார்கழி பிறந்தால் தொன்னை வருகிறது. வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்கிறேன்.

நாங்கள் இருக்கும் பீர்க்கன்கரணைப் பேரூராட்சி 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. காலண்டர் மட்டும் அதே ஆணியில் தொங்குகிறது. மாதம் முடிந்ததும் பால் கணக்கோடு புள்ளிக் கணக்கையும் நானே கூட்டுகிறேன். போன மாதம் ஒரு தேதியில் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் ஒன்று இருந்தது. பால் சம்பந்தமா என்று கேட்டேன்.

"இல்லைங்க. அது நான் கத்துன நாள்" என்றாள் மனைவி. "கணக்குன்னா ரெண்டு பக்கமும் எழுதணும்னு நீங்கதானே சொல்வீங்க."